செவலையின் பச்சைக்கறிச் சாப்பாடு: தராசு, ஃப்ரீசர், முட்டை ஓடு

செவலை எங்கள் வீட்டு நாய், சிப்பிப்பாறை இனக் கலப்பு. பெண், 4 வயது, கருத்தடை ஆகிவிட்டது, எடை 18 கிலோ. குட்டியாக மதுரைக்கு வந்ததிலிருந்து காலையில் பால் ஊற்றிய சாதம், ராத்திரி தயிர்ச்சாதத்தோடு இரண்டு கை டிரை ஃபுட், இதுதான் அவளுக்குச் சாப்பாடு. எங்கள் தெருவில் பெரும்பாலான வீட்டு நாய்களுக்கும் இதேதான். மலம் எப்போதும் இளக்கமாகப் போகும், அளவும் அதிகம். ரோமத்தில் மினுமினுப்பே இருக்காது. காதையும் முன்னங்கால்களையும் சொறிந்து சொறிந்து அங்கங்கே தோல் தெரிய ஆரம்பித்திருந்தது. இயற்கை உணவுக்கு, அதாவது பச்சைக்கறிக்கு மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நாய் வளர்க்கும் நண்பர்கள் அடித்துச் சொன்னார்கள். மாற்றினேன். எதைப் பச்சையாகக் கொடுக்கிறேன், எதை வேகவைக்காமல் கொடுக்கவே மாட்டேன், எதனால் உண்மையில் குணம் தெரிந்தது என்பதை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

கறிக்கடைக்கு முன்னால் கால்நடை டாக்டரிடம் போனேன். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், சொறிப்பூச்சி இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், அதுவும் இல்லை. உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யும் வரை சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. "ரெண்டையும் ஒரே சமயத்துல மாத்துனா, எதனால சரியாச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது சார்." பூச்சி மாத்திரைக்குப் பிறகும் சொறி நிற்கவில்லை. அப்போதுதான் சந்தேகம் சாப்பாட்டின் பக்கம் வந்தது.

நாய்களுக்கு உணவு ஒவ்வாமை தரும் பொருட்களில் முதலிடம் மாட்டிறைச்சிக்கு, அடுத்து பால் பொருட்கள், அதற்கடுத்து கோழி. ஒவ்வாமை வருவது அந்தப் புரதத்தால். அதைப் பச்சையாகக் கொடுத்தோமா, வேகவைத்துக் கொடுத்தோமா என்பது பெரிதாக மாற்றாது. கண்டுபிடிக்கும் வழியும் ஒன்றுதான்: நாய் அதுவரை தின்னாத ஒரு புரதத்தை மட்டும் 8 வாரம் கொடுப்பது, பிறகு பழைய பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி வாங்கும் வழக்கம் இல்லாததால் செவலை அதை ருசித்ததே கிடையாது. பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பொருளே அவளுக்குப் புதுப் பொருளாக அமைந்தது. ஆக, பச்சைக்கறிச் சோதனையும் ஒவ்வாமைச் சோதனையும் ஒன்றாகவே நடந்தன.

இந்தப் பச்சை உணவு முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1993 முதல் அவர் எழுதியவற்றிலிருந்துதான் எலும்போடு சேர்ந்த பச்சைக்கறி என்ற பேச்சு வீடுகளுக்குள் வந்தது. இப்போது எல்லோரும் சொல்லும் விகிதம் 80-10-10: தசைக்கறி 80 பங்கு, தின்னக்கூடிய எலும்பு 10 பங்கு, உள்ளுறுப்பு 10 பங்கு, அந்த உள்ளுறுப்பில் பாதி ஈரல். நாயின் எடையில் 2 முதல் 3 சதவீதம் ஒரு நாள் சாப்பாடு. ஓநாய் இப்படித்தானே தின்கிறது என்பது அடிப்படை வாதம்.

அந்த ஓநாய் வாதத்தை நான் ஏற்கவில்லை. 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான். நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதனோடு சேர்ந்து தானியம் தின்னப் பழகிய உடம்பு அது. சிப்பிப்பாறை நாய்களே கரிசல் காட்டில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கஞ்சியும் குடித்து முயல் விரட்டியவை. அதனால் சோற்றை அடியோடு நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கறி கூட வேண்டும், பால் போக வேண்டும், தானியம் ஒரு கை இருக்கலாம் என்று முடிவுசெய்தேன்.

கணக்கு

18 கிலோவில் 2.5 சதவீதம் என்றால் 450 கிராம். சுலபமாக இருக்கிறது. ஆனால் எந்தக் கறி 450 கிராம்? தோலோடு உள்ள பிராய்லர் கறியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 215 கலோரி. தோலுரித்த நெஞ்சுக்கறியில் 120தான். கொழுப்பில்லாத மாட்டுக்கறியில் 150 சொச்சம். தோலோடு கோழி என்றால் 450 கிராமில் 970 கலோரி கிடைக்கும். நெஞ்சுக்கறி என்றால் 540. ஒரே எடை, ஏறக்குறைய பாதிச் சாப்பாடு. சதவீதக் கணக்கில் போய் நாய் மெலிந்துவிட்டது, அல்லது பெருத்துவிட்டது என்று சொல்பவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

டாக்டர்கள் போடும் கணக்கு வேறு. கிலோவில் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும் நாய்க்கு வேண்டிய கலோரி வரும். செவலைக்கு அது 612. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க வேண்டும்; 980 வருகிறது. போன் கால்குலேட்டரைப் படுக்கவைத்தால் அடுக்குக்குறிப் பொத்தான் தெரியும், போட்டுப் பாருங்கள். இது தொடக்கப் புள்ளிதான். அதன் பிறகு தராசும் கையும் சொல்ல வேண்டும். விலா எலும்பைத் தடவினால் விரலில் தட்டுப்பட வேண்டும். சிப்பிப்பாறை ரத்தத்துக்குக் கடைசி ஒன்றிரண்டு விலா கண்ணுக்கே தெரிவது இயல்பு. லாப்ரடாருக்கு அப்படித் தெரிந்தால் அது மெலிவு.

அடுத்தது சுண்ணாம்புச்சத்து. இந்தப் பதிவில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். எலும்பில்லாத கறியில் 100 கிராமுக்கு பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியம் 10 மில்லிகிராம் அளவில்தான். ஒன்றுக்கு இருபது. நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸ் ஒரு பங்குக்குக் கால்சியம் ஒன்றுக்குக் குறையாமல், இரண்டைத் தாண்டாமல். கறியை மட்டும் போட்டு வளர்த்தால் ரத்தத்தில் கால்சியத்தைச் சமன்செய்ய உடம்பு எலும்பிலிருந்தே கரைத்து எடுக்கும். வளரும் குட்டியில் இது சீக்கிரம் தெரியும்: கால் வளையும், தூக்கினால் வலியில் கத்தும், திண்ணையிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். ஆசை ஆசையாக 'போன்லெஸ்' வாங்கிப் போட்டு வளர்த்த ராஜபாளையம் குட்டியொன்றின் எக்ஸ்ரேயை எங்கள் டாக்டர் காட்டினார். தொடை எலும்பின் சுவர் பென்சில் கோடு மாதிரி மெலிந்திருந்தது. அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை, கால்சியத்துக்குத்தான்.

செவலையின் 980 கலோரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.2 கிராம் கால்சியம் வேண்டும். எலும்பில் அதைக் கொடுத்தால் அளவு ஒவ்வொரு நாளும் மாறும். கழுத்தில் எவ்வளவு எலும்பு, காலில் எவ்வளவு எலும்பு என்று எடைபோட முடியாது. அதனால் நான் முட்டை ஓட்டுக்குப் போனேன். ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் நைசாக அரைத்து, மைதா சலிக்கும் சல்லடையில் சலித்துக்கொள்வேன். கரகரப்பு இருந்தால் மறுபடி ஜாருக்குப் போகும். விரலுக்கிடையில் தேய்த்தால் விபூதி போல வழுக்க வேண்டும். ஓட்டில் ஏறக்குறைய 38 சதவீதம் கால்சியம். 3 கிராம் பொடியில் 1.1 கிராம் கிடைத்துவிடும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம் என்பதால் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாகப் போடுகிறேன். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதாக ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது; வாங்கிவிடுங்கள், டீஸ்பூன்கள் வீட்டுக்கு வீடு வேறு. ஒவ்வாமைச் சோதனை நடந்த 8 வாரமும் முட்டை ஓடு கூடாது என்று டாக்டர் கால்சியம் கார்பனேட் பொடியே எழுதிக்கொடுத்தார். ஓட்டின் உள்ஜவ்வில் முட்டைப் புரதம் ஒட்டியிருக்கும்.

2013இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசினார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதோ ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்தது. அதைப் படித்துவிட்டு என் குறிப்பையும் டாக்டரோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். துத்தநாகம், வைட்டமின் ஈ, அயோடின் மூன்றும் போதவில்லை. வாரம் மாறி மாறி விதவிதமாகக் கொடுத்தால் தானாகச் சமன் ஆகிவிடும் என்று சொல்வார்கள். கறி மாறினாலும் இந்த மூன்றும் நாய்க்கு வேண்டிய அளவு கறியில் இல்லை, எதை மாற்றி எதைக் கொடுத்தாலும் குறைவுதான். சேர்மானப் பொடி ஒன்றை எழுதிக்கொடுத்தார், தினமும் கலக்கிறேன்.

கறிக்கடையில்

மாட்டுக்கறிக் கடை பாய் முதல் நாளே கேட்டார்: "நாய்க்காண்ணே? அப்ப ஜவ்வு, நுரையீரல், குடல் எல்லாம் சேத்துப் போட்டுர்றேன், பாதி விலைக்கு வரும்." நாய்க்கு என்றாலே கழிவுதான் என்பது எல்லாக் கடையிலும் வழக்கம். நான் கேட்டது தொடைக்கறி, அதோடு ஓரக் கொழுப்பு கொஞ்சம், இதயம். தனியாக ஈரல், மண்ணீரல். நாட்டு மாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு என்பதால் ஓரக் கொழுப்பு இல்லாமல் கலோரி எட்டாது. ஆட்டுக்கறி விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

உள்ளுறுப்பு விஷயத்தில் நான் எந்தச் சமரசமும் செய்வதில்லை. ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகள் இருக்கும். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் நீர்க்கட்டி அது. அந்த உறுப்பைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் புழு வளரும், நாய்க்கு ஒன்றும் செய்யாது. மலத்தில் வெளியேறும் முட்டை ரோமத்தில் ஒட்டி, தடவும் கைக்கு வந்து, நம் வயிற்றுக்குள் போனால், நம் ஈரலிலோ நுரையீரலிலோ அதே நீர்க்கட்டி வருடக்கணக்கில் வளரும். ஆபரேஷன் வரை போகிற நோய். ஆடறுக்கும் இடத்தில் கழிவை நாய்க்கு வீசுவதால்தான் இந்தச் சுழற்சி நம் ஊர்களில் அறுபடாமல் ஓடுகிறது. வெளியே பார்க்க நல்ல ஈரலாக இருந்தாலும் உள்ளே சின்னக் கட்டி இருக்கலாம். அதனால் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் எதுவானாலும் குக்கரில் வெந்த பிறகுதான் செவலையின் தட்டுக்குப் போகும். நுரையீரல் வாங்குவதே இல்லை. பூச்சி மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் உள்ளதாகப் பார்த்து, டாக்டர் சொன்ன இடைவெளியில் தவறாமல் கொடுக்கிறேன்.

வேகவைத்தாலும் ஈரல் அளவோடுதான். 20 கிராம் கோழி ஈரலிலேயே அவளுடைய ஒரு நாள் வைட்டமின் ஏ தேவைக்கு மேல் கிடைத்துவிடுகிறது. நாள் தவறாமல் அள்ளிக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடம்பில் தங்கி எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். அதற்கு முன்பே ஈரல் கூடியது மலத்தில் தெரியும்: கறுத்து, இளகி, பிசுபிசுப்பாக வரும். எலும்பு கூடினால் நேர்மாறு, வெளுத்துச் சுண்ணாம்புக் கட்டியாக உதிரும், நாய் முக்கும். பச்சை உணவு கொடுப்பவர்கள் தினமும் மலத்தைப் பார்க்கப் பழக வேண்டும். அதைவிடச் சீக்கிரம் தகவல் சொல்லும் பரிசோதனை வேறில்லை.

கோழியையும் நான் பச்சையாகக் கொடுப்பதில்லை. இதைச் சொன்னால் பச்சை உணவு நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள், ஏனென்றால் கோழிக் கழுத்தும் காலும்தான் எல்லோருக்கும் முதல் பாடம். 2018இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. பின்னங்காலில் தொடங்கி உடம்பு முழுக்கத் தளர்ந்துபோகும் ஒரு வகை வாதத்தை, பச்சைக் கோழியில், குறிப்பாகக் கழுத்தில், இருக்கும் கேம்பிலோபேக்டர் என்ற கிருமியோடு அது தொடர்புபடுத்தியது. அரிய நோய்தான். பெரும்பாலான நாய்கள் மாதக்கணக்கில் பராமரித்தால் மீண்டுவிடுகின்றன. ஆனால் காலை 5 மணிக்கு அறுத்த பிராய்லரை 9 மணி வரை வெயிலில் தொங்கவிடும் கடையிலிருந்து நான் கறி வாங்குகிறேன். அந்தக் கறியில் என்ன இருக்கும் என்று யோசிக்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. பரிசோதனையில் பறவைக் காய்ச்சல் என்று வந்தது. அமெரிக்காவில் பச்சைக் கோழி உணவு தின்ற வீட்டுப் பூனைகள் செத்தன. பூனை இனத்துக்கு இருக்கும் அளவு ஆபத்து நாய்க்கு இல்லை என்றாலும், பத்து நிமிடம் வேகவைத்தால் தீரும் விஷயத்துக்கு நான் ஏன் துணிய வேண்டும்? கோழி வந்தால் எலும்பை நீக்கி வேகவைப்பேன். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணி எலும்பை நாய்க்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

மீனில் மத்தி. ஒமேகா 3க்கு அதைவிட மலிவானது கிடையாது. பச்சை மத்தியில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் தயாமினேஸ் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது அழிந்துவிடும். அதனால் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, நடுமுள்ளை உருவிவிட்டு, வாரம் இரண்டு தடவை கொடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மதுரையில் மத்தி விலை ஏறிவிடும். அந்த நாட்களில் டாக்டர் சொன்ன அளவில் மீன் எண்ணெய் மாத்திரை.

ஆக, தினசரிச் சாப்பாட்டில் பச்சையாக மிஞ்சியது மாட்டுத் தசைக்கறியும் இதயமும்தான்.

ஃப்ரீசர்

வாங்கிவந்த கறியைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு நாளைக்கு 300 கிராம் வீதம் டப்பாக்களில் பிரித்து, மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறேன். எங்கள் பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது வெயில் காலத்தில் மைனஸ் 10ஐத் தாண்டவில்லை. இதற்காகவே சின்ன டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்கினேன். மொத்தச் செலவில் பெரியது அதுதான். இதை வாங்க முடியாதவர்கள் வேகவைத்தே கொடுக்கலாம், நாய்க்கு ஒரு நட்டமும் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

குளிர் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வது முக்கியம். சதையில் இருக்கும் புழுக்கட்டிகளை வாரக்கணக்கில் உறையவைத்தால் பெரும்பாலும் கொல்லலாம். சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியா சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில் ஆன்லைனில் வாங்கிய பச்சை நாய் உணவு, பூனை உணவு 196 மாதிரிகளைச் சோதித்தது: 15இல் சால்மொனெல்லா, 32இல் லிஸ்டீரியா. ஃப்ரீசர் வசதியுள்ள தொழிற்சாலையில் பொதிந்தவற்றின் கதை அது. நாயின் வயிறு இந்தக் கிருமிகளைச் சமாளித்துவிடலாம். ஆனால் நோயே இல்லாத நாய் கிருமியை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கும். நம் முகத்தை நக்கும் வாயும் அதுதான்.

அதனால் வீட்டில் சில பழக்கங்கள் வந்தன. உறைந்த டப்பா முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடியோடு, ஒரு தாம்பாளத்தின் மேல் போகும். கறித் தண்ணீர் காய்கறியில் சொட்டக் கூடாது. மேடையில் வைத்து உருகவைப்பது கிடையாது, மதுரை வெயிலில் அரை மணி நேரமே அதிகம். கறியைக் குழாயடியில் கழுவுவதில்லை, தெறிக்கும் தண்ணீர் சிங்க் முழுக்கக் கிருமியைப் பரப்பும். தனிக் கத்தி, தனிப் பலகை. எவர்சில்வர் தட்டுதான்; பிளாஸ்டிக் தட்டின் கீறல்களில் அழுக்கு தங்கும். செவலை 15 நிமிடத்தில் தின்று முடிக்காவிட்டால் மிச்சம் குப்பைக்குப் போகும். தட்டைச் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுவேன். கரண்ட் போய் ஃப்ரீசர் உருகிவிட்டால் அந்தக் கறியை மறுபடி உறையவைக்காமல் அன்றே வேகவைத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. அதைவிட அவருக்குப் பெரிய பயம் வேறு. "ஏப்பா, பச்ச ரத்தம் காட்டாத. ருசி பாத்துச்சுன்னா ஆளக் கடிக்கப் பழகிரும்." ஊரில் எல்லோரும் நம்புவது இது. பச்சைக்கறி தின்பதால் நாய்க்கு வெறி வருவதில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு உண்மை இருக்கிறது: சாதாரணச் சோற்றைவிட எலும்பையும் கறியையும் நாய் கூடுதலாகக் காக்கும். கிட்டே போனால் உறுமும். செவலையும் முதல் எலும்புக்கு உறுமினாள். எலும்பைப் பிடுங்காமல், அதைவிட ருசியான வெந்த ஈரல் துண்டைக் காட்டி, அவள் எலும்பை விட்டதும் ஈரலைக் கொடுத்து, பிறகு எலும்பையும் திருப்பிக் கொடுத்தேன். கிட்டே வருகிற கை எடுக்க வரவில்லை, கொடுக்க வருகிறது என்று அவளுக்குப் புரிந்த பிறகு உறுமல் நின்றது. தின்னும்போது அக்கா பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது என்பதில் மட்டும் இன்றும் தளர்வில்லை.

எலும்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சத்துக்காக எலும்பு கொடுப்பதில்லை, பல்லுக்காக. ஆட்டு நெஞ்செலும்பு, சதை ஒட்டியது, ஃப்ரீசரில் இருந்து எடுத்துக் குளிர் விட்டதும் பச்சையாக. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடித்து மென்றால் சரி, விழுங்கப் பார்த்தால் வாங்கிவிடுவேன். நல்லி எலும்பு கிடையவே கிடையாது. அதை உடைக்கப் பார்த்து மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்துபோவது நாய் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். செவலையின் கடைவாய்ப்பல்லில் இருந்த மஞ்சள் காரை இப்போது பெருமளவு போய்விட்டது. இந்த முயற்சியில் சந்தேகமில்லாமல் எலும்புக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் அது.

மாற்றியதும் கிடைத்ததும்

பழைய சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்துக் கறியைச் சேர்ப்பது, மலம் கெட்டியாக இருந்தால் அடுத்த கால் பங்கு என்று நகர்ந்தேன். 8 வாரச் சோதனையில் மாட்டுக்கறி, கேழ்வரகுக் களி, பரங்கிக்காய், கால்சியம் பொடி, இவை மட்டும். பிஸ்கட் கூடாது, தெருவில் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சி நிறுத்த வேண்டியிருந்தது, அவர் தினமும் ரஸ்க் போடுகிறவர். முதலில் மலம் சிறுத்துக் கெட்டியானது. சொறி மெல்லக் குறைந்து, சோதனை முடியும் தறுவாயில் முன்னங்காலில் ரோமம் நிரம்பியிருந்தது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் பச்சைக்கறியின் மகிமை என்று இந்தப் பதிவுக்குப் பெயர் வைத்திருப்பேன். டாக்டரம்மா விடவில்லை. அதே மாட்டுக்கறியை வேகவைத்து, வெந்த தண்ணீரோடு கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மலம் அப்படியே கெட்டியாக இருந்தது, ரோமம் அப்படியே மின்னியது, சொறி திரும்பவில்லை. பிறகு கோழி சேர்த்தோம், ஒன்றுமில்லை. முட்டை, ஒன்றுமில்லை. சோறு, ஒன்றுமில்லை. தயிர் சேர்த்தோம்: முதலில் மலம் இளகியது, சில நாளில் காதைச் சொறிய ஆரம்பித்தாள். தயிரை நிறுத்தியதும் அடங்கியது. இத்தனை காலமாகக் குளிர்ச்சி என்று நினைத்து நாங்கள் ஊட்டிய பாலும் தயிரும்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதவை.

எனவே செவலை தேறியதற்கு நான் சொல்லும் காரணங்கள் மூன்று: பால் போனது, நல்ல புரதமும் கொழுப்பும் வந்தது, கால்சியமும் மற்றவையும் கணக்கோடு வந்தது. பச்சையா வெந்ததா என்பது இந்த மூன்றிலும் வரவில்லை. அதன் பிறகும் போன மாதம் வரை தசைக்கறியைப் பச்சையாகக் கொடுத்துவந்தது அவள் அதை விரும்பித் தின்கிறாள் என்பதற்காகவும், தினமும் அடுப்பில் ஒரு பாத்திரம் குறைகிறது என்பதற்காகவும்.

இப்போது அவளுடைய ஒரு நாள்: ஓரக் கொழுப்போடு மாட்டுக்கறி 300 கிராம் (போன மாதம் வரை பச்சையாக), வெந்த ஈரல் 20 கிராம், வெந்த மண்ணீரல் 20 கிராம், அவித்த முட்டை ஒன்று, சோறோ களியோ 100 கிராம், வெந்த பரங்கிக்காயோ முருங்கைக்கீரையோ ஒரு கை, முட்டை ஓட்டுப் பொடி 3 கிராம், சேர்மானப் பொடி. இரண்டு வேளையாகப் பிரித்து. முட்டையைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டின் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அவித்தே. வெங்காயம், பூண்டு, திராட்சை எந்த ரூபத்திலும் இல்லை. குழம்பு ஊற்றிய சோறு அதனால்தான் கூடாது. 6 மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. யூரியா அளவு முன்பைவிடச் சற்று மேலே நிற்கிறது. கறி கூடின நாய்களுக்கு இது வழக்கம், சிறுநீரகத்துக்கான மற்ற அளவுகள் சரியாக இருப்பதால் கவலை இல்லை என்றார் டாக்டர். உங்கள் நாய்க்குப் பரிசோதனை எடுத்தால் கறி தின்கிற நாய் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த அளவுகளை அப்படியே எடுத்து உங்கள் நாய்க்குப் போடாதீர்கள். வளரும் குட்டி, சினை நாய், பால் கொடுக்கும் நாய், கணையமோ சிறுநீரகமோ கெட்ட நாய் எல்லாவற்றுக்கும் கணக்கு வேறு. வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், முதியவர் இருந்தால் பச்சைக்கறி வேண்டாம். போன மாதம் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து நாங்களும் மொத்தத்தையும் குக்கரில்தான் வைக்கிறோம். செவலை தட்டை முன்பு போலவே வழித்துவிடுகிறாள்.

வெளியூர் போகும்போது அவளைச் சித்தி வீட்டில் விடுவோம். அங்கே ஃப்ரீசர் கிடையாது, கிராம் கணக்கு பார்க்கச் சொல்லவும் முடியாது. வெந்த கோழி, சோறு, அவித்த முட்டை, பொட்டலம் கட்டிய ஓட்டுப் பொடி, இதுதான் ஏற்பாடு. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே இதற்கு மாற்றிவிட்டால் வயிறு கலங்குவதில்லை. பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன்: பால் வேண்டாம், தயிர் வேண்டாம், ரஸ்க் வேண்டாம், எலும்பு வேண்டாம்.